ஆள் குறைந்த உப்பளம்

ஒரே தெரு, ஒரே காற்று

புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வழியில் கூனிமேடு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. இன்னும் வடக்கே போனால் கழுவெளி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களும். இப்படியொரு கடலோர ஊரில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தால் டீக்கடைப் பேச்சு ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வரும். "எல்லாரும் ஒரே தண்ணியத்தான குடிக்கிறோம், ஒரே காத்தத்தான சுவாசிக்கிறோம். அந்தப் புள்ளைக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

பதில்களும் அங்கேயே கிடைக்கும். செல்போன் டவர் என்பார் ஒருவர். உப்புக் காற்று என்பார் இன்னொருவர். சொந்தத்தில் கட்டியதால்தான் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். உப்பை முதலிலேயே விடுவித்துவிடலாம். உப்பளத்து வேலை கண்ணையும் தோலையும் வருத்தும், அந்த வெயில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஆனால் உப்பு ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சொந்தக் கல்யாணத்தை அவ்வளவு சீக்கிரம் விடுவிக்க முடியாது. அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், போடுவோம்.

அதற்கு முன் ஒன்று. ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்பது உண்மை. ஆனால் உள்ளே போன காற்றை எல்லா உடம்பும் ஒரே மாதிரி கையாள்வதில்லை.

கிளறும் நொதி, கட்டும் நொதி

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் மூக்கில் ஏறும் அந்த லேசான இனிப்பு வாடையில் பென்சீனுக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சிகரெட் புகையிலும் பென்சீன் இருக்கிறது, சவுக்கு விறகு எரியும் அடுப்பின் புகையிலும் இருக்கிறது. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட ரசாயனங்களில் இது முதல் வரிசையில் நிற்பது.

பென்சீன் கொழுப்பில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் சிறுநீரகத்தால் அதை அப்படியே வெளியேற்ற முடியாது. கல்லீரல் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் ஒரு நொதி அதன்மேல் ஆக்சிஜனை ஒட்டுகிறது. இதைக் கிளறும் நொதி என்போம். பென்சீனைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது சிப் 2இ1. அடுத்து வேறு நொதிகள், கிளறப்பட்ட பொருளோடு குளூட்டதயோன் போன்ற ஒன்றை இணைத்து, தண்ணீரில் கரைந்து போகும்படி செய்கின்றன. இவை கட்டும் நொதிகள். இவற்றில் ஒரு குடும்பத்துக்கு ஜிஎஸ்டி என்று பெயர். (கடை ரசீதில் வரும் ஜிஎஸ்டிக்கும் இதற்கும் உறவில்லை, இது வாங்குவதைவிடக் கழிப்பதே அதிகம்.)

ஆபத்து இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில்தான். கிளறப்பட்டு இன்னும் கட்டப்படாத பொருள், வந்த பென்சீனைவிடக் கொடியது. அதில் ஒரு பகுதி ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. அங்கே அது குயினோன் என்ற வடிவம் எடுத்து டிஎன்ஏவைக் காயப்படுத்தும். சிவப்பணுக்களை மட்டும் கணக்கிட்டாலே மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கோடி அணுக்களைப் பிறப்பிக்கிறது. இவ்வளவு வேகமாகச் செல்கள் பிரியும் இடத்தில் ஒரு காயம் திருத்தப்படாமலே அடுத்த தலைமுறைச் செல்லுக்குப் போய்விடுவது எளிது. அங்கே குயினோனை அடக்குவதற்கென்றே என்க்யூஓ1 என்ற காவல் நொதி இருக்கிறது.

இந்த நொதிகள் ஒவ்வொன்றுக்கும் செய்முறைக் குறிப்பு ஒரு மரபணு. இவற்றைச் சேர்த்து நச்சுமுறிப்பு மரபணுக்கள் என்று இந்த நூலில் சொல்லி வருகிறோம். இவை ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும். சிலருக்கு மரபணுவே இருக்காது. ஜிஎஸ்டி எம்1 என்ற கட்டும் நொதியின் மரபணு ஐரோப்பியரில் பாதிப் பேருக்கு அடியோடு இல்லை. தென்னிந்தியரில் இந்த அளவு குறைவு. புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையில் சி. ஆதித்தன் குழுவினர் 2004இல் தென்மாநில மக்களிடம் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அதையும் மற்ற இந்திய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, 100 பேரில் 30 பேருக்கு இல்லை என்று இங்கே முழு எண்ணாக வைத்துக்கொள்வோம்.

அந்த 30 பேரும் நன்றாகத்தான் நடமாடுகிறார்கள். ஒரு நொதியே இல்லாமல் எப்படி? மரக்காணத்து உப்பளத்தில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் வரவில்லை என்று வையுங்கள். சாதாரண நாளில் மற்ற ஏழு பேரும் பலகையைக் கொஞ்சம் வேகமாக இழுத்து உப்பை வரப்பில் ஏற்றிவிடுவார்கள். சாயங்காலம் கணக்குப் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. திடீரென்று மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது என்றால் கதை வேறு. மழை இறங்குவதற்குள் வாரிக் குவித்து மூடியாக வேண்டும். அன்றைக்குத்தான் அந்த ஓர் ஆள் இல்லாதது பாத்தி பாத்தியாகக் கரையும்.

இனி வரும் ஆய்வுகள் எல்லாவற்றிடமும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம்: அன்று மழை வந்ததா?

இஸ்தான்புல்லின் செருப்புப் பசை

வந்தது. துருக்கியில் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்திய பசையில் பென்சீன் தாராளமாக இருந்தது. காற்றோட்டம் இல்லாத சின்னச் சின்ன அறைகளில் நாள் முழுக்க அதை மோந்துகொண்டே வேலை. இஸ்தான்புல்லின் ரத்தவியல் மருத்துவர் முஸாஃபர் அக்சோய், சுமார் 28,500 காலணித் தொழிலாளர்கள் நடுவில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயும் அதன் முன்நிலையும் வந்ததை 1974இல் பதிவு செய்தார். பொதுமக்களிடம் காணப்படுவதைவிட இது மிக அதிகம். ஆனாலும் எண்ணைத் திருப்பிப் பாருங்கள். அதே பசையை மோந்த பல்லாயிரம் பேருக்கு வரவில்லை. டீக்கடைக் கேள்வி இங்கேயும் நிற்கிறது.

அதற்கு ஒரு பகுதி விடை 1997இல் ஷாங்காயிலிருந்து வந்தது. நத்தானியல் ராத்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சீன மருத்துவர்களும், பென்சீன் நஞ்சால் ரத்த அணுக்கள் சரிந்துபோன 50 தொழிலாளர்களையும், அதே சூழலில் வேலை செய்தும் பாதிக்கப்படாத 50 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தசைப் பிடிப்புக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையைத் தந்து, அது சிறுநீரில் வெளியேறும் வேகத்தைக் கொண்டு கிளறும் நொதியின் சுறுசுறுப்பை அளந்தார்கள். என்க்யூஓ1 மரபணுவையும் படித்தார்கள். வேகமாகக் கிளறும் உடம்பு, கூடவே என்க்யூஓ1 காவல் அறவே இல்லாத மஜ்ஜை. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் நஞ்சேறும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவரைவிட 7.6 மடங்கு.

7.6 பெரிய எண். ஆனால் இது ரத்த அணுக்கள் சரிவதற்கான கணக்கு. அந்தச் சரிவு புற்றுநோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம், புற்றுநோயே அல்ல. இன்னொன்று, இது கொட்டும் மழையில் எடுத்த கணக்கு. 2004இல் தியான்ஜின் நகரின் காலணித் தொழிற்சாலைகளில் 250 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பென்சீன் இருந்தபோதும் வெள்ளணுக்கள் குறைவதைக் காட்டியது. சில மரபணு வகைகள் உள்ளவர்களிடம் அந்தக் குறைவு கூடுதல். தூறலிலும் கொஞ்சம் கரையத்தான் செய்கிறது.

ஒரு லட்சம் குழந்தைகள்

கூனிமேட்டுக் குழந்தை செருப்புப் பட்டறையில் வேலை செய்யவில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம், நிணவணு சார்ந்த தீவிர ரத்தப் புற்றுநோய்க்கு. அதில் இந்த மரபணுக்களுக்கு என்ன பங்கு?

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 2004இலும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையினர் 2008இலும் வெளியிட்ட ஆய்வுகள் இரண்டும், நோயுற்றவர்களிடம் ஜிஎஸ்டி எம்1 இல்லாத நிலை அதிகம் என்றே சொல்லின. அடையாறு ஆய்வில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது தொப்புள்கொடி ரத்தம். பிறந்த குழந்தைகளை அப்படியே மக்கள்தொகையின் மாதிரியாகக் கொள்வது நல்ல யுக்தி.

எனினும் நூறு, நூற்றைம்பது பேரை வைத்துச் செய்யும் ஆய்வு தடுமாறக் கூடியது. நான்கைந்து பேர் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் சாய்ந்தால் முடிவே மாறும். தொடர்பு கண்ட ஆய்வு அச்சேறும், ஒன்றும் காணாத ஆய்வு மேசை இழுப்பறையில் தூங்கும். அதனால் உலகெங்கும் வந்தவற்றை ஒன்றாகத் திரட்டிப் பார்ப்பது வழக்கம். 2010இல் அப்படித் திரட்டிய ஓர் ஆய்வு, ஜிஎஸ்டி எம்1 இல்லாத குழந்தைகளுக்கு வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல் என்று கண்டது. அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு.

16 சதவீதம் கூடுதல் என்று செய்தித்தாளில் படித்தால் வயிற்றைக் கலக்கும். கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். இந்தக் கடற்கரையோரம் ஒரு லட்சம் குழந்தைகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 70,000 பேருக்கு அந்த மரபணு உண்டு, 30,000 பேருக்கு இல்லை. 15 வயதுக்குள் 2,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வரும் என்று வைப்போம். மேலைநாடுகளின் அனுபவம் ஏறத்தாழ இதுதான். அப்படியானால் மொத்தம் 50 குழந்தைகள்.

மரபணுவுக்குப் பங்கே இல்லையென்றால் அந்த 50, 35க்கு 15 என்று பிரியும். 16 சதவீதம் கூடுதல் என்றால் எப்படிப் பிரியும்? மரபணு உள்ள 70,000 பேரில் சுமார் 33, இல்லாத 30,000 பேரில் சுமார் 17. மரபணு இல்லாததால் கூடுதலாக நோயுற்றவர்கள் அந்த 30,000 பேரில் இரண்டு பேர், அவ்வளவுதான். மரபணு இல்லாமலே நோயின்றி வளர்ந்தவர்கள் 29,983 பேர். மரபணு இருந்தும் நோயுற்ற 33 பேரோ, இல்லாமல் நோயுற்றவர்களைப் போல இரண்டு மடங்கு.

இந்த நிலையில் ஒரு குழந்தையின் எச்சிலை எடுத்து ஜிஎஸ்டி எம்1 சோதனை செய்து, 'உங்கள் பிள்ளைக்குப் புற்றுநோய் அபாயம்' என்று சொல்வது, என் பார்வையில், பணம் வாங்கிக்கொண்டு பயத்தை விற்பது.

அப்படியானால் அந்த 50 பேருக்கு ஏன் வந்தது? பெரும்பகுதி தற்செயல். மெல் கிரீவ்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் குழு, பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் தேடியது. இந்த நோயில் அடிக்கடி காணும் ஒரு மரபணு ஒட்டு, நூற்றில் ஒரு குழந்தை என்ற அளவில் கருவிலேயே உண்டாகியிருந்தது. அப்படிப் பிறந்தவர்களிலும் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் பின்னர் நோய் வருகிறது. முதல் அடி விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது அடி விழுவதே இல்லை.

சொந்தத்தில் கட்டியதாலா?

இப்போது அந்த மூன்றாமவரின் வழக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சொந்தத்தில் மணந்த பெண்கள் 28 சதவீதம். இந்தியாவிலேயே மிக உயர்ந்த அளவுகளில் இது ஒன்று. மாமன் மகளைக் கட்டினால் இந்த மரபணு இல்லாத பிள்ளைகள் அதிகம் பிறக்குமா?

ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும். இரண்டும் இல்லாவிட்டால்தான் 'இல்லை' என்கிறோம். 100 பேரில் 30 பேருக்கு இரண்டும் இல்லை என்றால், ஊரிலுள்ள மொத்தப் பிரதிகளில் ஏறத்தாழ 55 சதவீதம் காணாமல் போனவை. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் தாத்தா பாட்டி பொது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையிடம், அந்தத் தாத்தாவின் அல்லது பாட்டியின் ஒரே பிரதி இரு வழியாகவும் வந்து சேர 16இல் ஒரு வாய்ப்பு.

நம் ஒரு லட்சம் குழந்தைகளும் இப்படிப்பட்ட கல்யாணத்தில் பிறந்தவர்கள் என்றே வைத்தாலும், மரபணு இல்லாதவர்கள் 30,000இலிருந்து ஏறத்தாழ 31,500 ஆவார்கள். அதனால் கூடும் ரத்தப் புற்றுநோய்? ஒரு குழந்தைகூட இல்லை, பத்தில் ஒரு பங்கு. காணாமல் போவது இவ்வளவு சகஜமான ஒரு மரபணுவுக்கு அசலில் கட்டினால் என்ன, சொந்தத்தில் கட்டினால் என்ன.

அரிய மரபணுக்களில் இந்தக் கணக்கு தலைகீழாகும். 100 பிரதிகளில் ஒன்றே ஒன்று பழுதானது என்று வையுங்கள். அசலில் கட்டிய பெற்றோருக்குப் பிறக்கும் 10,000 பேரில் ஒருவருக்கு இரண்டும் பழுதாக இருக்கும். மாமன் மகள் கல்யாணத்தில் அது ஏழு பேர். மூன்றாமவர் சொன்னது பொய்யல்ல, அவர் தவறான மரபணுவின் மேல் வழக்குப் போட்டுவிட்டார்.

உள்ளேயே ஊறும் நஞ்சு

2018இல் மீனில் ஃபார்மலின் கலப்பதாக எழுந்த பரபரப்பு இந்தக் கடற்கரைக்கு நினைவிருக்கும். அந்த ஃபார்மலினின் மூலப்பொருளான ஃபார்மால்டிஹைடை நம் உடம்பே தினமும் கொஞ்சம் உற்பத்தி செய்கிறது. அதை முறிக்க நொதிகளும், அவற்றைத் தப்பி டிஎன்ஏவைக் காயப்படுத்தினால் தைப்பதற்குத் திருத்தும் புரதங்களும் உண்டு. திருத்தும் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் வருவது ஃபான்கோனி இரத்தசோகை. சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் குய்டோ ஃபான்கோனி 1927இல் விவரித்தது. மஜ்ஜை வற்றும், பலருக்கு ரத்தப் புற்றுநோய் வரும். சொந்தக் கல்யாணத்தில் கூடும் அரிய நோய்களில் இதுவும் ஒன்று.

கேம்பிரிட்ஜில் கே. ஜே. பட்டேலின் குழு 2011இல் எலிகளில் காட்டியது இது: திருத்தும் புரதத்தோடு ஆல்டிஹைடை முறிக்கும் நொதியும் இல்லாவிட்டால் அந்த எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது. ஜப்பானில் மக்களிடையே இயற்கையே இந்தச் சோதனையைச் செய்து வைத்திருந்தது. மது குடித்தால் முகம் சிவக்கச் செய்யும் ஒரு மரபணு வகை கிழக்காசியாவில் சகஜம், நம்மிடம் அரிது. அதுவும் ஆல்டிஹைடை முறிக்கும் மரபணுதான். அந்த வகையோடு பிறந்த ஃபான்கோனி குழந்தைகளுக்கு மஜ்ஜை இன்னும் விரைவாக வற்றியதை 2013இல் கண்டார்கள். 2020இல் இன்னொன்றும் தெரிந்தது. திருத்தும் புரதம் சரியாக இருந்தும், இரண்டு முறிக்கும் நொதிகள் ஒருசேரப் பழுதான குழந்தைகளுக்கு அதேபோல மஜ்ஜைச் சரிவும் ரத்தப் புற்றுநோயும் வந்தன. இங்கே வெளியிலிருந்து மழை வரவில்லை. எட்டுப் பேரில் வேலைக்கு வராதவர்கள் ஐந்தாறு பேர் என்பதால் சாதாரண நாளே தாங்கவில்லை.

மருந்தே பாரமாகும்போது

நச்சுமுறிப்பு மரபணுக்கள் நம் ஊர்க் குழந்தைகளின் வாழ்க்கையில் உண்மையாகவே குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. நோய் வந்த பிறகு, சிகிச்சையில்.

நிணவணுப் புற்றுநோய்க்கு மெர்காப்டோப்யூரின் என்ற மாத்திரையை வீட்டிலேயே தினமும் இரவில் தர வேண்டும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மருந்து. 1953இல் அமெரிக்காவில் அனுமதி, 1988இல் இருவருக்கும் நோபல். செல் பிரியாமல் தடுக்கும் நஞ்சுதான் இதுவும். அளவு மிஞ்சினால் நல்ல மஜ்ஜையையும் அழிக்கும்.

இதை முறிக்கும் டிபிஎம்டி நொதி எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை என்று 1980இல் ரிச்சர்ட் வைன்ஷில்பாம் 298 பேரை வைத்துக் காட்டினார். ஏறத்தாழ 300இல் ஒருவருக்கு அது சுத்தமாக இல்லை. மேலைநாடுகள் அதைச் சோதித்து மருந்தைக் குறைக்கப் பழகின. ஆசியாவில் குழப்பம் தீரவில்லை. டிபிஎம்டி சரியாக இருந்தும் பல குழந்தைகளுக்கு வெள்ளணுக்கள் அதலபாதாளத்துக்கு விழுந்தன, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. 2014இல் கொரிய ஆய்வாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். நட்15 என்ற மரபணு. மருந்தின் வீரியமான வடிவம் டிஎன்ஏவுக்குள் நுழையுமுன் அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி அது.

அதன் குறை வடிவம் ஐரோப்பியரில் அரிது. தெற்காசியரில் ஏழெட்டுப் பேரில் ஒருவர் ஒரு பிரதியைச் சுமக்கிறார், ஏறத்தாழ 200இல் ஒருவருக்கு இரண்டு பிரதிகளும் குறை. நம் ஒரு லட்சத்தில் சுமார் 500 பேர். மாமன் மகள் கணக்கை இங்கே போட்டால் அந்த 500, ஏறத்தாழ 900 ஆகிறது. அதாவது சொந்தத்தில் பிறந்து, இந்த நோயும் வந்து, இந்த மாத்திரையும் தொடங்கும் குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் குறையாக இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு.

2015இல் வந்த ஆய்வில், இரண்டு பிரதிகளும் குறையான குழந்தைகள் தாங்கியது வழக்கமான அளவில் 8 சதவீதத்தை ஒட்டித்தான். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். வீட்டில் நாமாக மாற்றக் கூடாது. ஆனால் மாத்திரை தொடங்குமுன் 'நட்15, டிபிஎம்டி பார்த்தாச்சா டாக்டர்?' என்று கேட்பதில் தப்பில்லை. மரபணுவை வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். டிபிஎம்டி நொதியின் அளவைப் பார்க்கும் பழைய சோதனை, அண்மையில் ரத்தம் ஏற்றிய குழந்தையிடம் கொடையாளியின் நொதியையும் சேர்த்து அளந்துவிடும். மரபணுச் சோதனைக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மாத்திரை வருவது 50 மில்லிகிராமில். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வழக்கமான தொடக்க அளவு நாளுக்கு ஏறக்குறைய ஒன்று. நட்15 இரண்டும் குறையான குழந்தைக்கு அதே ஒரு மாத்திரை ஏறக்குறைய 12 நாட்களுக்கு.